சந்தியாகப்பர் இறங்கின இடம்

திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் பக்கம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் கிறிஸ்தவர்களே குடியிருக்கிற ஒரு வேதக்கார ஊர் வரும். பேர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே நாலு பேர் டிராக்டர் ஏறி சண்டைக்கு வருவார்கள். சோற்றில் உப்பில்லை என்றாலும் பொறுத்துக்கொள்கிற ஜனங்கள்தான், ஆனால் தங்கள் காவல் புனிதர் சந்தியாகப்பரைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் மட்டும் பொறுக்க மாட்டார்கள்.

ஆடி மாசத்தில் அவருக்குத் திருநாள். ஊருக்குக் கிழக்கே பெரிய ஏரி. பேர்தான் ஏரி, ஆடியில் அதிலே காக்கை குளிக்கக்கூடத் தண்ணீர் இருக்காது. எதிர்க்கரை வரைக்கும் வெறும் வெடித்த தரை. காலைப் பூசை முடிந்ததும் ஊர் முழுக்கக் கோயில் பக்கத்துக் கரையில் வந்து நின்றுகொள்ளும். சந்தியாகப்பர் வேஷம் கட்டிய ஆள் சிவப்புப் போர்வையும் தகர வாளுமாக, குதிரைமேல் கொடியைப் பிடித்துக்கொண்டு, எதிர்க்கரையிலிருந்து ஏரியைக் கடந்து தனியாக வரவேண்டும். லகானை வேறு யாரும் பிடிக்கக் கூடாது, கூட யாரும் நடக்கக் கூடாது. குதிரை இந்தக் கரை ஏறினால்தான் மணி அடிக்கும், மணி அடித்தால்தான் பந்தி. அதுவரை கைப்பிள்ளையைத் தவிர ஒருவர் வாயிலும் பச்சைத் தண்ணீர் படாது.

அந்த வேஷம் கட்டியவன்தான் செபஸ்தியான். அவன் அப்பா திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோ வந்து ஜட்கா போனதும், செபஸ்தியான் வண்டியை விற்றுவிட்டுக் குதிரையைக் கல்யாண மாப்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தான். நல்ல பிழைப்பு. விழுப்புரம் தனி மாவட்டம் ஆன வருஷம்தான் அவன் முதன்முதலாகச் சந்தியாகப்பராக ஏறினது. ஏறினான் என்றா சொல்வது? பறந்தான். ஏரி நடுவிலே கைகளை விரித்துவிட்டு, லகானைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தான் திமிர் பிடித்தவன். கரையிலே நின்ற பெண்பிள்ளைகளில் ஒருத்தி சகாயசெல்வி. அடுத்த தை மாசம் கல்யாணம். இதற்குமேல் விவரம் வேண்டுமா?

பத்து வருஷம் அவன்தான் சந்தியாகப்பர். மற்ற நாளில் அவனை 'குதிரைக்காரன்' என்று கூப்பிடுகிற ஊர், திருநாளன்று அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டது. வருஷம் முழுக்க மாப்பிள்ளைகளுக்கு முன்னால் கயிறு பிடித்து நடக்கிறவனுக்கு, அந்த ஒரு நாள்தான் நிமிர்ந்து உட்காருகிற நாள். அதுக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டினான் என்றுகூடச் சொல்லலாம்.

இடையிலே வெள்ளச்சி வந்தாள். சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெளுத்த பெண் குதிரை, சாது. ஆடுகிற குதிரைக்குத்தான் அப்போது மவுசு. திண்டிவனம் பேண்டு செட்டில் டிரம் வாசிக்கிற விருத்தாசலம் செபஸ்தியானுக்குக் கூட்டாளி. அவன் தினமும் வந்து டிரம் அடிப்பான், இவன் வெல்லம் கொடுத்துக் கொடுத்துப் பழக்குவான். மேளச் சத்தம் காதில் விழுந்தால் வெள்ளச்சி முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடும். சத்தம் ஏறினால் பின்னங்காலில் எழுந்து நிற்கும். விழுப்புரம் கல்யாண மண்டபங்களில் வெள்ளச்சி ஆடினால் மாப்பிள்ளையை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். எல்லாம் பழக்கினான் புண்ணியவான், எந்த மேளத்துக்கு ஆடக்கூடாது என்று மட்டும் பழக்கவில்லை.

2003-ல் திருநாள். சந்தியாகப்பர் ஏரிக்குள் இறங்கியதும் ஊரில் மேளதாளம் எல்லாம் நிறுத்திவிட்டார்கள். அதெல்லாம் ஏற்பாடு சரிதான். ஆனால் எதிர்க்கரைக்கு அந்தப் பக்கத்து ஊரில் அன்றைக்கு ஒரு சாவு. அவர்களுக்கு என்ன தெரியும் பாவம், பிணத்தை எடுக்கும்போது மேளத்தை விளாசிவிட்டார்கள். காற்று அதை அப்படியே ஏரிக்குள் கொண்டுவந்து கொட்டியது. நடு ஏரியில் வெள்ளச்சி நின்றாள். காதைத் திருப்பினாள். ஆட ஆரம்பித்தாள்.

செபஸ்தியான் ஒரு கையில் கொடி, ஒரு கையில் தகர வாள். சத்தம் ஏற, குதிரை எழுந்து நின்றது. அவன் சரிந்து விழுந்தான். ஒரு கால் சேணத்து வளையத்தில் மாட்டிக்கொண்டது. வாள் தன் வயிற்றில் இடித்ததும் வெள்ளச்சி மிரண்டு ஓடினாள். அவனையும் இழுத்துக்கொண்டு, அந்த வெடித்த தரையில். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஊர் ஓடி வருவதற்குள் இடுப்பெலும்பு போய்விட்டது. முதுகில் தோல் இல்லை.

விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் மாசக்கணக்கில் காலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தான். பிறகு எலும்பு கூடிவிட்டது, நடக்கிறான், ஓடக்கூட ஓடுகிறான். கல்யாணத் தெருவில் வெள்ளச்சிமேல் ஏறி உட்கார்ந்து, மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் நாலு ஆட்டம் ஆட வைக்கிறான். முன்னால் பேண்டு, இரண்டு பக்கமும் டியூப் லைட் தூக்குகிறவர்கள், பின்னால் கூட்டம், அதற்கும் அப்பால் வீட்டுச் சுவர்கள். அங்கே அவனுக்குத் துளியும் பயம் இல்லை. ஆனால் ஊர்க்கடைசி வீட்டுச் சுவர் தாண்டி வெட்டவெளி வந்துவிட்டால் தொடை இரண்டும் கழன்று போகும். காதுக்குள் மேளம் கேட்கும். எங்குமே மேளம் இருக்காது, அவனுக்கு மட்டும் கேட்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; இவனுக்கு வெளிச்சமாக இருந்ததெல்லாம் பேயாகிவிட்டது.

ஊர் காத்திருக்குமா? அடுத்த வருஷம் புதுச்சேரி கடற்கரையில் குதிரைச் சவாரி விடுகிற ஒரு பையனைப் பிடித்து வந்தார்கள். சீனுவாசன் என்று பேர். வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு, சந்தியாகப்பர் வேஷத்தோடு, ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஏரியைக் கடந்து வந்தான். மணி அடித்தது. ஜனம் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டது. செபஸ்தியான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தான். அன்றைக்குப் பந்தியில் உட்காரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தான்.

"பேஜாரு புடிச்ச ஊரு. விட்டுத் தள்ளுங்க. உசுரு பொழச்சிக்கினு வந்தீங்களே, அது போதாதா?" என்றாள் சகாயசெல்வி.

"போதாது," என்றான்.

அதற்கப்புறம் வருஷக்கணக்காக அவன் பட்ட பாடு இருக்கிறதே! முதலில் விருத்தாசலம் ஒரு யோசனை சொன்னான். "டேய் செபஸ்து, பக்கத்துல நானே டிரம்மு அடிச்சிக்கினு வர்றேன். எம் மோளத்துல வேற எந்த மோளமும் கேக்காது. ஏறுடா." ஏறினான். ஏரியில் இறங்கியதும் விருத்தாசலம் அடித்தான். வெள்ளச்சி அங்கேயே நின்று ஜம்மென்று ஆடிக் காட்டினாள், ஓரடி முன்னால் போகவில்லை. மேய்ந்துகொண்டிருந்த மாடுகள்தான் வேடிக்கை பார்த்தன. பிறகு குதிரையின் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். அது நன்றாகவே வேலை செய்தது. மேளம் அடித்தாலும் வெள்ளச்சி சாதுவாக நடந்தாள். மேலே உட்கார்ந்திருந்தவன்தான் வெலவெலத்து, பிடரியைக் கட்டிக்கொண்டு, "எறக்கி வுடு, எறக்கி வுடு" என்று அலறினான்.

"பஞ்ச தப்பான காதுல வெச்சிட்டோம்டா," என்றான் விருத்தாசலம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். செபஸ்தியான் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அப்புறம் சகாயசெல்வி கையில் எடுத்தாள். ஆரம்பத்தில் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டவள்தான். இரவெல்லாம் புரண்டு படுக்கிறவன் பக்கத்தில் எவ்வளவு நாள்தான் தூங்குவது போல நடிப்பாள்? விடியற்காலை மல்லாட்டை வயலுக்குப் போவதற்கு முன்னால் அவனை எழுப்பிவிடுவாள். முதலில் கரைமேல் ஏற்றினாள். இரண்டு பக்கமும் பனைமரம் நிற்கிறது, சுவர் மாதிரி. அதில் பயம் இல்லை. பிறகு கரை ஓரமாக ஏரிக்குள். பிறகு உள்ளே இருக்கிற முதல் வேலிக்காத்தான் புதர் வரைக்கும். அவள் புல் கட்டோடு முன்னால் நடப்பாள், குதிரை அவள் கையைப் பார்த்து நடக்கும், அவன் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"திரும்பிப் பாக்காதீங்க. எம் பின்கொசுவத்தையே பாத்துக்கினு வாங்க."

"ஊர்ல பாத்தா சிரிப்பாங்க சகாயம்."

"சிரிக்கட்டும். அவங்க இன்னா குதிரயா ஓட்றாங்க?"

ஒரு மழைக்காலம் வந்து ஏரியில் தண்ணீர் நின்றால் பழகியதெல்லாம் போய்விடும். மறுபடி கரையிலிருந்து ஆரம்பம். இப்படியே போனது காலம். 2009 ஆடிக்கு முன்னால் ஒரு நாள், அவள் புல் கட்டோடு எதிர்க்கரையில் போய் நின்றுகொண்டாள். வேண்டுமென்றேதான். "நீங்களே வாங்க!" என்று கத்தினாள். அவன் வந்தான். எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. நெஞ்சு அடித்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வடிந்தது, ஆனால் வந்தான். கரை ஏறி இறங்கியதும் வெள்ளச்சி கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். சகாயசெல்வி புல் கட்டை எறிந்துவிட்டு அவன் தலையில் குட்டினாள். அன்றைக்கு அவர்கள் இருந்த சந்தோஷத்தை எங்கே கொண்டு வைப்பது!

நேரே ஊர்த் தலைவர் பெரியதனக்காரர் வீட்டுக்குப் போனான். "இந்த வருசம் நானே ஏர்றேங்க" என்றான். பெரியதனக்காரர் யோசித்தார். "ஏறு. ஆனா ஒண்ணு, ஜனம் பசியோட நிக்கிற நேரம். இந்தத் தபா எதனா ஆச்சின்னா, அப்பறம் அந்தப் பாண்டிச்சேரி பையன்தான் எப்பவும். நீ கேக்கக் கூடாது." சரி என்றான். இடுப்பு முறிந்ததற்குப் பிறகு அவன் முதுகு நிமிர்ந்து நடந்தது அந்த ஒரு வாரம்தான்.

திருநாள் வந்தது. விருத்தாசலம் முன்னேற்பாடாகச் சுற்றுப்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போய், யாராவது செத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வந்தான். ஒருவரும் சாகவில்லை. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. வெள்ளச்சி காதில் பஞ்சு. ஆகாயத்தில் மேகம் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது, அதுதான் கொடுமை.

கொடியை வாங்கிக்கொண்டு ஏரியில் இறங்கினான். வெள்ளச்சி பழகிய வழியில் தலையை ஆட்டிக்கொண்டு நடந்தாள். தூரத்தில் ஊர் முழுக்கக் கரைமேல் எறும்பு வரிசை போல நின்றது. ஒரு குழந்தைகூட அழவில்லை. அந்த நிசப்தம் இருக்கிறதே, அது அவனைப் பிடித்தது. மேளம் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருந்தான். ஒன்றுமே வராவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. இப்போது கேட்கும், இப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டே நடு ஏரிக்கு வந்தான். சுற்றிலும் பிடித்துக்கொள்ள ஒரு செடி இல்லை. முதுகுத்தோல் எரிய ஆரம்பித்தது, இழுபட்ட அன்றைக்கு எரிந்தது போலவே. குதிரை ஒரு தப்பும் செய்யவில்லை. சத்தியமாகச் செய்யவில்லை. அவன் லகானை இழுத்தான், நிறுத்தினான், வழுக்கி இறங்கினான்.

மறுபடி ஏறவேண்டும் என்று வளையத்தில் கால் வைத்தான். கால் மேலே எழவில்லை. இன்னொரு தரம். எழவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. என்ன செய்வான்? கொடியைச் சேணத்தில் சொருகிக் கட்டினான். போர்வையைக் கழற்றிச் சேணத்தின்மேல் போட்டான். அதைக் கட்டிக்கொண்டு நடக்க அவனுக்கு மனசு வரவில்லை. லகானைப் பிடித்துக்கொண்டு, கொலைக்களத்துக்குப் போகிறவன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டு நடந்து வந்தான். கல்லெறிவார்கள் என்றுதான் நினைத்தான். எறிந்தால் எறியட்டும் என்றும் நினைத்தான்.

கரை கிட்டத்தில் வந்தபோது, உபவாசத்தில் கண் இருண்டு போயிருந்த கிழவி ஒருத்தி, சின்னபொண்ணு என்று பேர், கைகளைத் தூக்கிக்கொண்டு கத்தினாள்: "டேய், பாருங்கடா! ஆள எறக்கி வுட்டுட்டு அவரே ஏறிக்கினு வர்றாருடா! சந்தியாகப்பர் வர்றாருடா!"

அப்புறம் ஒருத்தி முழந்தாளிட்டாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி, பிறகு கரை முழுக்க. காலியாக வந்த குதிரையைப் பார்த்து ஆம்பிளைகள்கூட மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மணி கணகணவென்று அடித்தது. ஜனம் ஓடிவந்து அந்தச் சேணத்தைத் தொட்டுத் தொட்டு உதட்டில் வைத்து முத்தி செய்தது. செபஸ்தியான் லகானைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் சகாயசெல்வியின் முகத்தைத் தேடினான். அவள் மட்டும் முழந்தாளிடவில்லை. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பங்குச்சாமியாரிடம் போனான். மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"சாமி, நான் பயத்துல எறங்கினேன். அவரு எறக்கல. எனக்குக் கால் வரல, சாமி. அவ்ளோதான்."

சாமியார் நல்ல மனுஷர், நல்ல மனுஷர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்ப முடியாது. அவன் தோளில் கை வைத்தார். "இதுக்குப் பேர்தான் தாழ்ச்சி, செபஸ்தியான். பெருமையடிக்காம நீ இப்படிச் சொல்ற பாரு!" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அதையே சொன்னார். விருத்தாசலத்திடம் சொல்லிப் பார்த்தான். அவன் இந்துதான், ஆனாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அப்டிலாம் சொல்லாதடா, சாமி குத்தம்" என்றான்.

அடுத்த ஆடிக்கு முன்னால் பெரியதனக்காரரிடம் போய் நின்றான். இன்னொரு தரம் ஏறிப் பார்க்கிறேன், இந்தத் தரம் இறங்க மாட்டேன் என்று கெஞ்சினான். அவர் எழுந்தே விட்டார். "இன்னா பேசற நீ? அவரு உக்கார்ற எடத்துல நீ குந்துவியா? இனிமே எந்த மனுசனும் அந்தக் குதிர மேல ஏறக் கூடாதுன்னு ஊரே முடிவு பண்ணிட்டோம். நீ லகான் புடிச்சிக்கினு வா. அந்தப் பாக்கியம் ஒனக்கு மட்டுந்தான்." பாக்கியமாம். வெள்ளச்சி கல்யாணத்துக்குப் போவதையும் நிறுத்தச் சொன்னார்கள். தீனிக்கு ஊரே முறை வைத்துக் கொடுத்தது. அவன் மறுபடி ஏறிப் பழகுவதற்கு இருந்த ஒரே வழியை மாலை போட்டு மூடிவிட்டார்கள்.

அவன் இறங்கின இடத்தில் ஒரு கல் சிலுவை நட்டார்கள். சந்தியாகப்பர் இறங்கின இடம் என்று பேர் வந்தது. இறங்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் புண்ணியவதி ஆரம்பித்தாளோ, பயந்துகொண்ட பிள்ளைகளை அங்கே தூக்கி வர ஆரம்பித்தார்கள். நாய் துரத்திப் பயந்தது, கிணற்றில் எட்டிப் பார்த்துப் பயந்தது, தூக்கத்தில் அலறுவது, எல்லாம். கல்லடி மண்ணை எடுத்து நெற்றியில் பூசி, சேணத்தைத் தொட வைத்தால் பயம் தெளிந்துவிடுமாம். தெளியவும் செய்தது. திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள்.

2013 திருநாளில் விழுப்புரத்து அம்மா ஒருத்தி தன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேர் வெனிலா. வீட்டை விட்டு வெளியே கால் வைத்தால் வெட்டவெளியைப் பார்த்து உடம்பு உதறுகிறதாம். பிள்ளை சொன்ன விவரத்தைக் கேட்டதும் செபஸ்தியான் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டான். இவ்வளவு நாளில் அவனுடைய நோவை அவனைப்போலவே சொன்னது அந்தக் குழந்தை ஒன்றுதான்.

"அண்ணே, ஒங்க கையால பூசி விடுங்கண்ணே. ஒங்களத்தான் அவரே கூப்ட்டு எறக்கினாராமே," என்றாள் அந்த அம்மா.

மண்ணை எடுத்து அந்தப் பிள்ளையின் நெற்றியில் பூசினான். "பயப்படாத கண்ணு. ஒண்ணும் இல்ல, எல்லாம் வெறும் காத்து," என்றான். பிள்ளை சேணத்தைத் தொட்டது, அவனைப் பார்த்தது, கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கையை உதறிவிட்டு அந்தப் பெரிய ஏரித்தரையில் தனியாக ஓடியது. திரும்பிப் பார்க்காமல் ஓடியது. தாய்க்காரி அவன் காலில் விழுந்தாள்.

ஊர் பந்திக்குப் போனபின் ஏரியில் அவனும் சகாயசெல்வியும் குதிரையும்தான். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். குனிந்து அதே மண்ணை ஒரு பிடி எடுத்தான்.

"யாரும் இல்ல. ஏறுங்க. நா புடிச்சிக்கறேன்," என்றாள் அவள், அவன் சொல்லாமலேயே.

நெற்றியில் பூசினான். கன்னத்தில், கழுத்தில், தொடையில், எங்கெங்கே நடுங்குமோ அங்கெல்லாம் பூசிக்கொண்டான். வெள்ளச்சிக்கு வயசாகிவிட்டது, தூணைப்போல அசையாமல் நின்றாள். வளையத்தில் கால் வைத்தான். சேணத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நின்றான். சகாயசெல்வி அவன் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். உடம்பு கல்லாகக் கனத்தது. கடைசியில் அவள்தான் குனிந்து, இரண்டு கையாலும் அவன் பாதத்தை வளையத்திலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"எல்லாப் புள்ளைங்களுக்கும் ஆவுதே சகாயம்," என்றான் செபஸ்தியான். "எங்கையால பூசினாலே ஆவுதே. எனக்கு மட்டும் ஏன் ஆவல?"

அவள் தன் முந்தானையால் அவன் நெற்றி மண்ணைத் துடைத்துவிட்டாள். கரையிலிருந்து யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் வராமல் பெரியதனக்காரர் இலையில் கை வைக்க மாட்டாராம், சீக்கிரம் வரச் சொன்னார்கள்.